ஒரே கார்டு, பத்து விலை: ஸ்போர்ட்ஸ் கார்டு கிரேடிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பேஸ்பால், பாஸ்கெட்பால், ஹாக்கி கார்டுகளை, அதாவது வீரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளை, சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். ஆண்டும் அதே, வீரரும் அவரே, அச்சும் அதே. ஆனால் ஒன்று சில நூறு டாலருக்குப் போகிறது, இன்னொன்று பல ஆயிரத்துக்குப் போகிறது. நடுவில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் உறையும் அதன் மேல் ஒட்டிய எண்ணும். அந்த எண்ணைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கிரேடிங் என்றால் சரியாக என்ன செய்கிறார்கள்?

கார்டை ஒரு கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள். அது அசல்தானா, ஓரம் வெட்டப்பட்டதா, நிறம் பூசப்பட்டதா என்று முதலில் பார்க்கிறார்கள். இதில் தேறினால் நிலையை ஆராய்ந்து 1 முதல் 10 வரை ஓர் எண் தருகிறார்கள். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். உடைக்காமல் திறக்க முடியாத இந்த உறைக்குத்தான் ஸ்லாப் என்று பெயர். மேலே லேபிளும் அதில் ஒரு சான்றிதழ் எண்ணும் இருக்கும். கிரேடு ஆகாத கார்டை ரா கார்டு என்பார்கள்.

இந்த முறை நாணயச் சேகரிப்பிலிருந்து வந்தது. நாணயங்களுக்கு 1986-ல் தொடங்கியதை அதே குழு 1991-ல் கார்டுகளுக்குக் கொண்டுவந்தது, அதுதான் பிஎஸ்ஏ என்ற கிரேடிங் நிறுவனம். அதன் போட்டியாளர்களான எஸ்ஜிசி 1998-லும், பெக்கெட்டின் பிஜிஎஸ் 1999-லும் வந்தன. சிஜிசி 2020-ல் கார்டுப் பக்கம் வந்தது.

இது வருவதற்கு முன் விலை எப்படி நிர்ணயமானது?

வாக்குவாதத்தில். விற்பவர் "புத்தம் புதுசு" என்பார், வாங்குபவர் மூலையைக் காட்டி "கொஞ்சம் மழுங்கியிருக்கிறதே" என்பார். நேரில் பார்த்துப் பேசும்போது இது ஓடியது. தபாலில் வாங்கும்போது ஓடவில்லை. முகம் தெரியாதவரிடம் படத்தைப் பார்த்து வாங்குகிறவர், ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்துக்காகவே விலையில் ஒரு பகுதியைக் குறைத்துக் கேட்பார்.

கிரேடிங் அந்தப் பயத்தைத்தான் எடுத்தது. கிரேடு ஆன கார்டின் கூடுதல் விலையில் ஒரு பங்கு, முன்பு சந்தேகத்துக்காகக் கழித்துக்கொண்ட பணம் திரும்பி வந்ததுதான். மற்ற பங்கு அந்த எண்ணுக்கு உண்டான போட்டியால் வருவது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

9-க்கும் 10-க்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. விலை மட்டும் ஏன் மலைக்கும் மடுவுக்கும்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், விரிவாகவே சொல்கிறேன்.

8-லிருந்து 9-க்கு விலை படிப்படியாக ஏறும். 9-லிருந்து 10-க்கு ஏறாது, தாவும். காரணம், 10-க்கு மேல் படி கிடையாது. "இருப்பதிலேயே சிறந்தது வேண்டும்" என்று வருகிற பணக்காரச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் அந்த ஒரே படியில் நெருக்கி நிற்கிறார்கள். 9 வாங்குகிறவருக்கு 8 கிடைத்தாலும் மனம் ஒப்பும். 10 தேடுகிறவருக்கு 9 ஒப்பாது.

ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கிக்கு 1979-80-ல் ஓ-பீ-சீ நிறுவனம் வெளியிட்ட ரூக்கி கார்டை, அதாவது அறிமுகக் கார்டை, எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஓ-பீ-சீ கார்டுகளைக் கம்பி வைத்து வெட்டினார்கள். அதனால் ஓரங்கள் சொரசொரப்பாக, நார் பிய்ந்தது போல இருக்கும். பேக்கிலிருந்து அப்போதே எடுத்து உறையில் போட்டிருந்தாலும் விளிம்பு அப்படித்தான். இதையெல்லாம் தாண்டி பிஎஸ்ஏ 10 வாங்கியவை இரண்டே இரண்டு. 10 கிரேடில் அது 2016-ல் 4,65,000 டாலருக்கு விற்றது. 2020 டிசம்பரில் 12.9 லட்சம். 2021 மேயில் 37.5 லட்சம் டாலர். கார்டின் படமோ அட்டையோ மாறவில்லை. இரண்டில் ஒன்றை வாங்க வரிசையில் நின்றவர்களின் கைப்பணம்தான் கூடியது.

இதனால் ஒரு சங்கடமும் உண்டு. 9.4 தகுதியுள்ள கார்டும் 9.6 தகுதியுள்ள கார்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்று 9 ஆகிறது, மற்றது 10 ஆகிறது. மனிதக் கண் தடுமாறக்கூடிய அந்த மெல்லிய கோட்டின் மேல்தான் ஆயிரக்கணக்கான டாலர் நிற்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் சந்தை இப்படித்தான் இயங்குகிறது, தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

எதை வைத்து எண் போடுகிறார்கள்?

நான்கு விஷயங்கள்: சென்டரிங், மூலை, விளிம்பு, மேற்பரப்பு.

சென்டரிங் என்பது படம் அட்டையின் நடுவில் இருக்கிறதா என்பது. இடப்பக்க வெள்ளை ஓரமும் வலப்பக்க வெள்ளை ஓரமும் சமமாக இருந்தால் 50-க்கு 50. பிஎஸ்ஏ 10-க்கு முன்பக்கம் ஏறக்குறைய 55-க்கு 45-க்குள் இருக்க வேண்டும். முன்பு 60-க்கு 40 வரை விட்டுக்கொடுத்தார்கள், 2025-ல் இறுக்கிவிட்டார்கள். ஆக, பழைய 10 ஒன்று இன்று அதே அளவுகோலில் 10 வாங்கும் என்று சொல்ல முடியாது. பின்பக்கத்துக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை.

மூலையிலும் விளிம்பிலும் தேய்மானம் எவ்வளவு தெரியும் என்பது அச்சு நிறத்தைப் பொறுத்தது. டாப்ஸ் நிறுவனத்தின் 1971 பேஸ்பால் கார்டுகளுக்குக் கறுப்பு ஓரம். நகம் பட்டால் போதும், கறுப்பு உதிர்ந்து உள்ளிருக்கும் வெள்ளை எட்டிப்பார்க்கும். அந்த ஆண்டுக் கார்டு உயர்ந்த கிரேடில் அபூர்வமாக இருப்பதும் விலை கொதிப்பதும் இதனால்தான். வெள்ளை ஓரக் கார்டில் அதே அளவு தேய்மானம் ஒளிந்துகொள்ளும்.

மேற்பரப்புதான் பலரைக் கவிழ்ப்பது, என்னையும் கவிழ்த்தது. ஒரு முறை 10 நிச்சயம் என்று நம்பி ஒரு கார்டை அனுப்பினேன். 8 என்று திரும்பி வந்தது. நிறுவனம் தவறு செய்துவிட்டது என்றே இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓர் இரவு மேசை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் அட்டையின் மேல் படுத்துப் போகிற மாதிரி ஸ்லாப்பைச் சாய்த்தேன். வீரரின் தோளுக்கு மேலே, வானத்தின் நீலத்தில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குழி. நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்த்தால் நிழல் விழுகிறது. கார்டுகளை அடுக்கி வைத்தபோது நடுவில் ஏதோ ஒரு மணல் பொடி இருந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து எந்தக் கார்டையும் விளக்கடியில் நான்கு திசையும் சாய்த்துப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

எந்த நிறுவனத்தின் கிரேடு என்பதால் விலை மாறுமா?

மாறும். ஒரே எண்ணாக இருந்தாலும் பிஎஸ்ஏ லேபிளுக்குப் பெரும்பாலான கார்டுகளில் கூடுதல் விலை கிடைக்கிறது. வாங்குகிறவர்கள் அதிகம், மறுவிற்பனை எளிது, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. பெக்கெட் நான்கு அம்சங்களுக்கும் தனித்தனி எண் தந்து பேர் வாங்கியது. நான்கிலும் 10 வந்தால் கறுப்பு லேபிள். அது மிக அரிது, நவீன கார்டுகளில் பிஎஸ்ஏ 10-ஐவிட அதிக விலைக்கே போகும். எஸ்ஜிசிக்கு இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பழைய கார்டுகளில் தனி மதிப்பு உண்டு. பழுப்பேறிய அந்த அட்டைகள் அதன் கறுப்பு உட்சட்டத்தில் அழகாகவும் தெரியும். 2024-ல் பிஎஸ்ஏவின் தாய் நிறுவனமே எஸ்ஜிசியை வாங்கிவிட்டது.

ஆனாலும் பெரிய கார்டு வந்தால் லேபிள் பின்னுக்குப் போய்விடும். பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952 டாப்ஸ் கார்டு, எஸ்ஜிசி 9.5, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதற்கு முந்தைய ஆண்டு அதே மேன்டிலின் பிஎஸ்ஏ 9 ஒன்று 52 லட்சத்துக்கு விற்றிருந்தது. அரை எண் வித்தியாசம் விலையை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றியது. அந்த 9.5 கார்டு 1980-களில் ஆலன் ரோசன் என்ற வியாபாரி கண்டெடுத்த புகழ்பெற்ற தொகுப்பிலிருந்து வந்தது. அந்த வரலாறும் விலையில் சேர்ந்தது.

பாப் ரிப்போர்ட் என்கிறார்களே, அது என்ன?

ஒரு நிறுவனம் ஒரு கார்டை இதுவரை எத்தனை முறை கிரேடு செய்தது, அதில் எத்தனை 10, எத்தனை 9 என்ற கணக்கு. நிறுவனத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். விலை பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

பேஸ்பால் வீரர் கென் க்ரிஃபி ஜூனியரின் 1989 அப்பர் டெக் வரிசை முதல் எண் கார்டு நல்ல பாடம். அது ஏராளமாக அச்சான காலம். எல்லோரும் பத்திரப்படுத்தவும் செய்தார்கள். பிஎஸ்ஏ மட்டும் லட்சத்துக்கும் மேல் கிரேடு செய்திருக்கிறது, 10 வாங்கியவையே நான்காயிரத்துக்கும் மேல். அருமையான கார்டுதான், ஆனால் 10 என்ற எண்ணுக்கு அங்கே அபூர்வம் கிடையாது. மைக்கேல் ஜோர்டனின் 1986 ஃப்ளீர் 57-ம் எண் கார்டில் 10 வாங்கியவை முன்னூற்றுச் சொச்சம். ஆசைப்படுகிறவர்களோ உலகம் முழுக்க. இரண்டு கார்டுகளின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த இரண்டு எண்களே கதை சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்லாப்பை உடைத்து மறுபடி அனுப்புகிறவர்கள் பழைய லேபிளைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அதே கார்டு இரண்டு முறை கணக்கில் ஏறும். விலை உயர்ந்த கார்டுகளில் 9-களின் எண்ணிக்கை இதனால் ஊதிப்போயிருக்கலாம். அதோடு, பழைய கார்டுகளில் இன்னும் பெட்டிகளில் கிடப்பவை கணக்கில் வராதவை. இன்று "ஐந்தே ஐந்து" என்பது நாளை எட்டாகலாம்.

சில கார்டுகள் 1, 2, 3 கிரேடிலும் லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றனவே?

அங்கே எண்ணைவிடக் கார்டு இருப்பதே பெரிது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுகளோடு வந்த டி206 வரிசையில் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு நூறுக்கும் குறைவாகவே பிழைத்திருக்கிறது. எஸ்ஜிசி 3 வாங்கிய ஒன்று 2021 ஆகஸ்டில் 66 லட்சம் டாலருக்கு விற்றது. மடிப்பும் மழுங்கலும் இருந்தும் அந்த விலை. இங்கே கிரேடிங்கின் வேலை "இது அசல், வெட்டப்படாதது" என்று உறுதி சொல்வது. அதற்குத்தான் காசு.

பொதுவாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: எவ்வளவு எளிதாகக் கிடைக்கும் கார்டோ, அவ்வளவு கிரேடை நம்பி விலை நிற்கும். புதிய கார்டில் 8 வந்தால் பெரும்பாலும் ரா கார்டின் விலைகூடத் தேறாது.

கிரேடு தவறாகப் போனதே இல்லையா?

போயிருக்கிறது, அதுவும் முதல் கார்டிலேயே. பிஎஸ்ஏ முதன்முதலில் கிரேடு செய்தது ஒரு வாக்னர் கார்டு. 1991-ல் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவரது அணியின் அப்போதைய உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் 4,51,000 டாலர் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. அதற்கு 8 கொடுத்தார்கள். எண்பது ஆண்டுப் பழைய சிகரெட் கார்டுக்கு இவ்வளவு கூர்மையான ஓரமா என்று அப்போதே முணுமுணுப்பு இருந்தது. 2007-ல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2013-ல் ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, விற்பதற்கு முன் தானே அதன் ஓரங்களை வெட்டியதாக நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். வேறு ஏல மோசடிகளும் சேர்ந்து 2015-ல் 20 மாதச் சிறை கிடைத்தது.

இதைக் கேட்டதும் கிரேடிங்கே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ரா கார்டு வாங்கி வெட்டியதா இல்லையா என்று தானே கண்டுபிடிக்கும் திறமை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஸ்லாப்பை ஒரு தேர்ந்த ஆளின் கருத்தாக மதியுங்கள், ஆனால் உங்கள் கண்ணையும் மூடிக்கொள்ளாதீர்கள்.

திருப்பி அனுப்பினால் கிரேடு கூடுமா?

கூடலாம், குறையலாம். உறையை உடைக்கும்போது மூலை நசுங்கினால் எல்லாம் போச்சு. இப்போது 9-ஆக இருந்து உறுதியாக 10-ஐ எட்டும் என்று தெரிந்த, விலை வித்தியாசம் பெரிதாக உள்ள கார்டுக்கு மட்டும் யோசிக்கலாம். ஆசையில் செய்யாதீர்கள்.

என் கார்டை அனுப்புவது லாபமா? எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ரா விலை 100 டாலர். 8 வந்தால் 80, 9 வந்தால் 130, 10 வந்தால் 400. கிரேடிங், தபால், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 40. விற்பனைத் தளத்தின் கழிவு 13 சதவீதம்.

கார்டு சுத்தமாக இருக்கிறது, 10-க்கு 25 சதவீதம், 9-க்கு 50, 8-க்கு 25 வாய்ப்பு என்று வைப்போம். சராசரி 100 கூட்டல் 65 கூட்டல் 20, மொத்தம் 185. கழிவு 24-ம் செலவு 40-ம் போனால் 121 கையில். ராவாகவே விற்றிருந்தால் 87. அனுப்பலாம்.

இப்போது 10-க்கான வாய்ப்பை மட்டும் 10 சதவீதமாகக் குறைத்து, மீதியை 8-ல் சேருங்கள். சராசரி 137. கழிவும் செலவும் போனால் 79. ராவாக விற்றதைவிட நஷ்டம். ஒரே கார்டு, உங்கள் மதிப்பீடு மட்டும்தான் மாறியது. எல்லோரும் தங்கள் கார்டுக்கு 10 வரும் என்றுதான் நினைக்கிறார்கள். அதனால் மனதில் தோன்றும் சதவீதத்தைப் பாதியாக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

கட்டணம் கார்டின் மதிப்பைப் பொறுத்து ஏறும் என்பதையும் மறக்காதீர்கள். எதிர்பார்த்ததைவிட உயர்ந்த கிரேடு வந்து மதிப்பு கூடினால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். காத்திருக்கும் காலமும் ஒரு செலவு. 2021 மார்ச்சில் கார்டுகள் மலையாகக் குவிந்து, பிஎஸ்ஏ தன் பெரும்பாலான சேவைகளையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது. விலை உச்சத்தில் அனுப்பியவர்கள் பலருக்குக் கார்டு கைக்கு வந்தபோது விலை இறங்கியிருந்தது.

அனுப்பும் முன் துடைக்கலாமா?

மேலே ஒட்டிய தூசியை மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் லேசாகத் தட்டிவிடலாம். அதற்கு மேல் வேண்டாம். திரவம், அழிப்பான், மூலையை அழுத்தி நிமிர்த்துவது, மடிப்பை நீவுவது எல்லாம் கார்டைத் திருத்துவதில் சேரும். பிடிபட்டால் எண்ணே கிடைக்காது, லேபிள் கிடைத்தாலும் அதில் திருத்தப்பட்டது என்றே இருக்கும். ஸ்க்ரூ போட்டு இறுக்கும் பழைய உறைகளில் வைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், அழுத்தத்தில் மேற்பரப்பு தட்டையாகிவிடும்.

கிரேடு ஆன கார்டு விலை இறங்காது என்கிறார்களே?

தவறு. கிரேடு கார்டின் நிலையைக் காக்கும், விலையைக் காக்காது. அந்த ஜோர்டன் ஃப்ளீர் பிஎஸ்ஏ 10, 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்கு விற்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அதே 10 இரண்டு லட்சம் சுற்றுவட்டத்துக்கு இறங்கியது. 10-களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை, கிரேடும் குறையவில்லை. வாங்க வந்த கூட்டம்தான் கலைந்தது.

இப்போது ஆடிக்கொண்டிருக்கும் இளம் வீரர்களின் கார்டில் இரண்டு பக்கமும் அடி விழும். வீரர் சறுக்கினால் தேவை குறையும். அதே நேரம் புதிய 10-கள் வாரா வாரம் வந்துகொண்டே இருக்கும்.

போலி ஸ்லாப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள். விற்பவர் அனுப்பும் லிங்க்கை நம்ப வேண்டாம். எண் சரியாக இருந்தாலும் போதாது, அசல் ஸ்லாப்பின் எண்ணைத் திருடி அச்சடிப்பதுண்டு. தளத்தில் கார்டின் படம் இருந்தால் சென்டரிங்கையும் அச்சுப் புள்ளிகளையும் ஒப்பிடுங்கள். எந்த இரண்டு கார்டும் அச்சில் துல்லியமாக ஒன்றாக இருக்காது. உறையின் ஓரம் மங்கலாக, உடைத்து ஒட்டியது போல் தெரிந்தால் விலகிவிடுங்கள்.

கையெழுத்திட்ட கார்டுக்கு?

கையெழுத்துக்குத் தனி எண், அட்டைக்குத் தனி எண். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கையெழுத்தின் எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

சேர்க்கவே இப்போதுதான் தொடங்குகிறேன். எந்தக் கிரேடில் வாங்கலாம்?

நீங்கள் உண்மையில் நேசிக்கும் வீரரின் கார்டை, கண்ணுக்கு அழகாகத் தெரியும் 7 அல்லது 8-ல் தேடுங்கள். ஒரே 7-க்குள் எத்தனை விதம் என்று அப்போதுதான் தெரியும். ஒன்றில் படம் நடுவில் நின்று நிறம் பளிச்சென்று இருக்கும், ஒரு மூலை மட்டும் மழுங்கியிருக்கும். இன்னொன்றில் நான்கு மூலையும் கூர்மை, படமோ ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். லேபிளில் இரண்டும் 7. விலையும் பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும். லேபிளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு இரண்டையும் பாருங்கள், எது வேண்டும் என்று முடிவு செய்த பிறகு விரலை எடுங்கள்.